சாரா மாறி: மாற்ற நினைத்ததும் உண்மையில் மாறியதும்

ஊசலில் தொங்கும் குண்டின் நிறையைக் கூட்டினால் அலைவு நேரம் மாறுமா? தொங்கும் புள்ளியிலிருந்து 50 செ.மீ. கீழே நடுப்புள்ளி வருமாறு ஓர் இரும்பு நட்டை நூலில் கட்டி, 20 அலைவுகளுக்கு நேரம் எடுத்தால் சுமார் 28.4 வினாடி வரும். அதன் கீழே இன்னும் இரண்டு நட்டுகளை வரிசையாகக் கட்டினால் 28.9 வினாடி. ஐந்து நட்டு ஆனதும் 29.5. மறுபடி எடுத்தாலும் எண்கள் இதே வரிசையில்தான் ஏறும். ‘நிறை கூடினால் அலைவு நேரம் கூடும்’ என்று பதிவேட்டில் எழுதக் கை தானாகப் போகும்.

அந்த முடிவு தவறு. சிறிய வீச்சில் ஆடும் எளிய ஊசலின் அலைவு நேரத்தை அதன் நீளமும் அந்த இடத்தின் ஈர்ப்பு முடுக்கமும்தான் தீர்மானிக்கின்றன. நிறைக்கு அதில் பங்கில்லை. இங்கே நட்டுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக 2 செ.மீ. இடைவெளியில் தொங்கியதால் மொத்த எடையின் நடுப்புள்ளி கீழே இறங்கிவிட்டது. ஒரு நட்டுக்கு 50 செ.மீ., மூன்றுக்கு 52, ஐந்துக்கு 54. ஊசலின் நீளம் என்பது தொங்கும் புள்ளியிலிருந்து இந்த நடுப்புள்ளி வரை உள்ள தூரம். மாணவர் மாற்ற நினைத்தது நிறையை. கூடவே நீளமும் மாறியது. விடையைத் தந்தது நீளம். எல்லா நட்டுகளையும் ஒரே கொக்கியில், ஒரே உயரத்தில், பக்கம் பக்கமாக மாட்டினால் இந்தச் சிக்கல் தீரும். அல்லது ஒரே அளவுள்ள மரக்குண்டு, கண்ணாடிக் கோலி, எஃகுக் குண்டு என்று மாற்றிப் பாருங்கள். மூன்றுக்கும் நேரம் ஏறத்தாழ ஒன்றாகவே வரும்.

சோதனை செய்பவர் வேண்டுமென்றே மாற்றுவது சாரா மாறி. அதனால் என்ன ஆகிறது என்று அளந்து பார்ப்பது சார்ந்த மாறி. மாறவிடாமல் பிடித்து வைப்பவை கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள். தேர்வுத் தாளுக்கு இந்த மூன்று வரி போதும். சோதனை மேசைக்குப் போதாது. அங்கே இரண்டு கேள்விகளைக் கேட்டே ஆக வேண்டும். நான் மாற்றியதோடு ஒட்டிக்கொண்டு வேறு ஏதாவது மாறியதா? நான் எழுதி வைத்த அளவுக்கு அது உண்மையாகவே மாறியதா? பள்ளிச் சோதனைகள் பிழைபடுவது பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றில்தான்.

சாரா மாறி எது என்று குழப்பம் வந்தால், சோதனையை ‘இதை மாற்றினால் அது எவ்வளவு ஆகும்?’ என்ற ஒரே வாக்கியமாக எழுதிப் பாருங்கள். ‘இதை’ என்ற இடத்தில் உங்கள் கையால் அமைக்க முடிந்த ஒன்று வர வேண்டும். ‘அது’ என்ற இடத்தில் கருவியால் அளக்கவோ எண்ணவோ முடிந்த ஒன்று வர வேண்டும். ‘வெளிச்சத்தை மாற்றினால் செடி எப்படி இருக்கும்?’ என்பது இன்னும் சோதனைக்கேற்ற கேள்வி ஆகவில்லை. எந்த வெளிச்சம், எவ்வளவு, செடியில் எதை அளக்கிறோம் என்பதெல்லாம் தொங்கலில் நிற்கின்றன.

ஒட்டிக்கொண்டு மாறுபவை

மின்காந்தச் சோதனையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். சுருளின் சுற்றுகளைக் கூட்டினால் காந்தம் எத்தனை குண்டூசிகளைத் தூக்கும் என்பது கேள்வி. சாரா மாறி, சுற்றுகளின் எண்ணிக்கை: 10, 20, 30, 40, 50. பத்துச் சுற்றுக்குத் தேவையான கம்பியை வெட்டிச் சுற்றி அளப்பது, பிறகு இருபது சுற்றுக்கு நீளமான கம்பியை வெட்டுவது என்று போவதுதான் வழக்கம். 8 மி.மீ. தடிமனுள்ள ஆணியில் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.7 செ.மீ. கம்பி பிடிக்கும். பத்துச் சுற்றுக்கு 27 செ.மீ., ஐம்பதுக்கு 1.35 மீட்டர். கம்பி ஐந்து மடங்கு நீண்டால் கம்பியின் மின்தடையும் ஐந்து மடங்கு. மின்னோட்டம் அதற்கேற்பக் குறையும். காந்தத்தின் வலிமையோ சுற்று எண்ணிக்கை, மின்னோட்டம் இரண்டையும் பெருக்கி வருவதைப் பொறுத்தது. ஒன்று ஏறும்போது மற்றது இறங்கினால் வரைபடம் போகப் போகச் சாய்ந்துவிடும். அந்தச் சாய்வைப் பார்த்து, ‘ஓர் அளவுக்கு மேல் சுற்றுவதால் பயனில்லை’ என்று எழுதிவிடுவார்கள்.

இதைத் தவிர்க்க, 2 மீட்டர் நீளமுள்ள எனாமல் பூசிய செம்புக் கம்பி ஒன்றையே கடைசிவரை வைத்துக்கொள்ளுங்கள். பத்துச் சுற்று சுற்றியபின் மீதியை வெட்டாமல் ஆணியை விட்டுத் தள்ளி மேசைமேல் தளர்வாக விடுங்கள். வளையமாகச் சுருட்டி வைக்க வேண்டாம், அதுவும் ஒரு சுருளாகிவிடும். இப்போது சுற்று மாறுகிறது, மின்தடை மாறவில்லை. இன்னொரு சிக்கல் மிச்சம் இருக்கிறது. 0.5 மி.மீ. தடிமனுள்ள செம்புக் கம்பியில் 2 மீட்டருக்கு மின்தடை 0.2 ஓமுக்கும் குறைவு. 1.5 வோல்ட் செல்லை அதோடு நேராக இணைப்பது கிட்டத்தட்ட குறுக்குச் சுற்றுதான். கம்பி சூடாகும், செல் வேகமாகத் தளரும், கடைசி அளவீட்டுக்கு வரும்போது மின்னோட்டம் பாதியாகக் கூட இறங்கியிருக்கலாம். 2.2 ஓம், 2 வாட் மின்தடையம் ஒன்றைத் தொடரில் சேர்த்தால் புதிய செல்லில் மின்னோட்டம் அரை ஆம்பியரை ஒட்டி நிற்கும். ஒவ்வொரு அளவீட்டுக்கும் ஐந்து வினாடிக்கு மேல் இணைப்பு வேண்டாம். அம்மீட்டர் இருந்தால் ஒவ்வொரு முறையும் அதன் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். மின்னோட்டம் மாறவில்லை என்பதற்கு அதுதான் சாட்சி.

கம்பி முனைகளில் எனாமலை உப்புத்தாளால் முழுக்கச் சுரண்டாமல் விட்டால், ஒவ்வொரு முறை இணைக்கும்போதும் தொடுமிடத்தின் மின்தடை வேறுவேறாக இருக்கும். யாரும் மாற்றாமலேயே ஒரு மாறி உள்ளே நுழைந்துவிடும். குண்டூசிகளிலும் கவனம் தேவை. ஒரு முறை தூக்கிய ஊசிகள் தாமே கொஞ்சம் காந்தமாகியிருக்கும். அடுத்த முறை எளிதாக ஒட்டும். புதிய ஊசிகளை எடுங்கள், அல்லது ஊசிகளுக்குப் பதிலாக இரும்புத் துகள்களை வைத்துத் தூக்கியதன் எடையை நிறுத்துப் பாருங்கள்.

பாராசூட் சோதனையிலும் இதே கதைதான், இன்னும் எளிய வடிவில். பாலித்தீன் தாளின் பக்கத்தை 20, 30, 40 செ.மீ. என்று கூட்டினால் பரப்பு 400, 900, 1600 சதுர செ.மீ. ஆகிறது. கூடவே தாளின் எடையும் கூடுகிறது. மூன்றுக்கும் 40 செ.மீ. தாளை எடுத்து, தேவையான அளவுக்கு வெட்டி, வெட்டிய மிச்சத்தைக் கசக்கித் தொங்கும் சுமையோடு ஒட்டிவிடுங்கள். மொத்த எடை ஒன்றாகவே இருக்கும். பக்கம் இரட்டித்தால் பரப்பு நான்கு மடங்கு என்பதை மறக்காமல், கிடை அச்சில் பரப்பையே குறியுங்கள்.

ஒட்டிக்கொண்டு வரும் மாறியைப் பிரித்தெடுக்க முடியும் என்பதற்கு அழகான முன்னுதாரணம் 1668இல் கிடைத்தது. அழுகும் இறைச்சியில் புழு தானாகவே தோன்றுகிறது என்று நம்பிய காலம் அது. இத்தாலிய மருத்துவர் பிரான்செஸ்கோ ரெடி சில பாத்திரங்களில் இறைச்சியைத் திறந்து வைத்தார், சிலவற்றை இறுக மூடினார். திறந்ததில் புழு வந்தது, மூடியதில் வரவில்லை. ஆனால் மூடி தடுத்தது ஈயை மட்டுமா? காற்றையும்தான். காற்றுப் படாததால்தான் புழு வரவில்லை என்று ஒருவர் வாதிட இடம் இருந்தது. அதனால் மெல்லிய வலைத்துணியால் மூடியும் செய்து பார்த்தார். காற்று உள்ளே போனது, ஈ போகவில்லை, இறைச்சியில் புழுவும் இல்லை. ஒரு துணியைக் கொண்டு இரண்டு மாறிகளைத் தனித்தனியாகப் பிரித்துவிட்டார். உங்கள் சோதனையிலும் ‘இந்த மாற்றத்தோடு சேர்ந்து வேறு எது போனது, எது வந்தது?’ என்று கேட்டு, அதை மட்டும் தடுக்கும் வலைத்துணி எது என்று தேடுங்கள்.

வெளிச்சமும் தூரமும்

நீரில் மூழ்கிய ஹைட்ரில்லா தண்டிலிருந்து நிமிடத்துக்கு எத்தனை குமிழிகள் வருகின்றன என்று எண்ணும் ஒளிச்சேர்க்கைச் சோதனையில், சாரா மாறி என்று பலரும் ‘விளக்கின் தூரம்’ என எழுதுவார்கள். கையால் நகர்த்துவது தூரத்தைத்தான். செடி உணர்வது ஒளிச்செறிவை. சிறிய விளக்கு ஒன்றிலிருந்து தூரம் இரண்டு மடங்கானால் ஒளிச்செறிவு நான்கில் ஒன்றாகும். நான்கு மடங்கானால் பதினாறில் ஒன்று. 10, 20, 30, 40, 50 செ.மீ. என்று சம இடைவெளியில் நகர்த்தினால் ஒளி முதல் அடியிலேயே முக்கால் பங்கு குறைந்துவிடும், கடைசி மூன்று இடங்களும் ஏறக்குறைய இருட்டில் நெருக்கியடிக்கும். ஒளிச்செறிவு 100, 80, 60, 40, 20 சதவீதம் என்று ஒழுங்காக இறங்க வேண்டுமானால் விளக்கை 10, 11.2, 12.9, 15.8, 22.4 செ.மீ. தூரங்களில் வைக்க வேண்டும். தூரத்தை விளக்கின் ஒளிரும் பகுதியிலிருந்து தண்டு வரை அளங்கள். பீக்கரின் வெளிச்சுவர் வரை அளந்தால் 10 செ.மீ. தூரத்தில் பிழை பெரிதாகத் தெரியும். நீண்ட குழல் விளக்குக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

விளக்கு நெருங்கும்போது வெப்பமும் நெருங்கும். விளக்குக்கும் பீக்கருக்கும் நடுவே தட்டையான கண்ணாடித் தொட்டியில் நீர் நிரப்பி வைத்தால் வெப்பத்தில் பெரும்பகுதியை அது வாங்கிக்கொள்ளும். எல்இடி விளக்கில் இந்தத் தொல்லை குறைவு. பீக்கருக்குள் ஒரு வெப்பமானி நிற்கட்டும். ஒரு டிகிரிக்கு மேல் ஏறியிருந்தால் இரண்டு மாறிகளோடு சோதனை செய்கிறீர்கள் என்று பொருள். அறையின் மற்ற விளக்குகளையும் சன்னலையும் மூடாவிட்டால், தொலைவில் வைக்கும்போது உங்கள் விளக்கை விட அறை வெளிச்சமே அதிகமாக இருக்கும். 100 மி.லி. நீருக்கு 0.2 கிராம் சமையல் சோடா சேர்ப்பதும் முக்கியம். கார்பன் டை ஆக்சைடு பற்றாக்குறையாக இருந்தால் எவ்வளவு ஒளி கொடுத்தாலும் குமிழி கூடாது, சாரா மாறியால் விளைவே இல்லை என்று தோன்றும். ஒவ்வொரு இடமாற்றத்துக்குப் பிறகும் ஐந்து நிமிடம் பொறுத்து எண்ணத் தொடங்குங்கள்.

எழுதிய அளவும் உண்மை அளவும்

நீரில் போட்டால் நுரைத்துக் கரையும் மாத்திரையை வைத்து, வெப்பநிலை மாறினால் கரையும் நேரம் எப்படி மாறும் என்று பார்ப்பது எளிய, நல்ல சோதனை. 150 மி.லி. நீர், ஒரு முழு மாத்திரை. மாத்திரையை உடைக்கக் கூடாது. உடைத்தால் பரப்பு கூடும், அது வேறு சோதனை. திட்டத்தில் 20, 30, 40, 50, 60 டிகிரி என்று எழுதியிருப்பீர்கள். 60 டிகிரி நீரைக் குளிர்ந்த கண்ணாடிக் குவளையில் ஊற்றிய கணமே அது சில டிகிரி இறங்கும், மாத்திரை கரைவதற்குள் இன்னும் கொஞ்சம் இறங்கும். போடும் முன் குவளைக்குள் 57, கரைந்து முடிந்ததும் 54 என்று அளந்திருந்தால், சாரா மாறியின் மதிப்பு 55.5. வரைபடத்தில் குறிக்க வேண்டியதும் அதுதான். 60 என்று எழுதினால் அது உங்கள் விருப்பமே ஒழிய அளவீடு ஆகாது. குவளையை முதலில் அதே நீரால் ஒரு முறை அலசிக் கொட்டிவிட்டு மறுபடி ஊற்றினால் இறக்கம் குறையும்.

நாள்கணக்கில் நடக்கும் சோதனைகளில் இது இன்னும் தீவிரம். உப்பு நீரில் விதை முளைப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். லிட்டருக்கு 10 கிராம் உப்புள்ள மூலக்கரைசல் ஒன்று தயாரித்துக்கொண்டால் மற்ற எல்லாவற்றையும் அதிலிருந்தே எடுக்கலாம்: 20 மி.லி. கரைசலும் 80 மி.லி. நீரும் சேர்ந்தால் லிட்டருக்கு 2 கிராம். 40க்கு 60 என்றால் 4 கிராம். 60க்கு 40 என்றால் 6. 80க்கு 20 என்றால் 8. வெறும் நீர் 0. ஒவ்வொன்றையும் தனித்தனியாக உப்பு நிறுத்துத் தயாரிப்பதை விட இது நம்பகமானது, ஏனென்றால் 100 மி.லி. நீருக்கு 0.2 கிராம் உப்பைச் சாதாரணத் தராசு சரியாகக் காட்டாது.

ஒரு தட்டுக்கு 20 விதை, 10 மி.லி. கரைசல், அடியில் வடிதாள். மூடாமல் விட்டால் இரண்டு மூன்று நாளில் நீர் ஆவியாகும், உப்பு அப்படியே இருக்கும். பாதி நீர் போனால் லிட்டருக்கு 4 கிராம் என்று எழுதிய தட்டில் இப்போது 8 இருக்கிறது. விதை அனுபவிப்பது 8ஐ, உங்கள் ஒட்டுச்சீட்டு சொல்வது 4. தட்டுகளை மூடி வையுங்கள், தினமும் ஒரே நேரத்தில் எடை பாருங்கள், எத்தனை கிராம் குறைந்ததோ அத்தனை மி.லி. வெறும் நீர் சேருங்கள். உப்புக் கரைசலையே மீண்டும் ஊற்றுவதுதான் இங்கே அதிகம் நடக்கும் தவறு; அதில் உப்பு ஒவ்வொரு நாளும் கூடிக்கொண்டே போகும். ‘முளைத்தது’ என்பதற்கும் முன்கூட்டியே ஓர் அளவு வேண்டும். வேர் 2 மி.மீ. வெளியே வந்தால் முளைத்ததாகக் கணக்கு என்று வைத்துக்கொண்டால் யார் எண்ணினாலும் ஒரே எண் வரும்.

எத்தனை அளவுகள், எந்த எல்லைக்குள்

இரண்டே அளவுகளில் செய்த சோதனை எப்போதும் நேர்கோட்டைத்தான் காட்டும், இரண்டு புள்ளிகளுக்கு வேறு வழி இல்லை. எண்ணால் அளக்கக்கூடிய சாரா மாறிக்குக் குறைந்தது ஐந்து அளவுகள், ஒவ்வொன்றுக்கும் மூன்று முறை. இதைவிடக் குறைத்தால் வடிவம் தெரியாது.

வடிவம் எவ்வளவு முக்கியம் என்பதை ஈஸ்ட் சொல்லித்தரும். 100 மி.லி. நீர், 5 கிராம் சர்க்கரை, 3 கிராம் உலர் ஈஸ்ட், வாயில் பலூன் மாட்டிய 500 மி.லி. பாட்டில், நீர்த்தொட்டியில் 20 நிமிடம். ஈஸ்ட் 35 முதல் 40 டிகிரி வாக்கில் சுறுசுறுப்பாக வாயு வெளியிடும், குளிரில் மந்தம், 60 டிகிரியில் செத்துவிடும். 20 டிகிரியையும் 55 டிகிரியையும் மட்டும் ஒப்பிட்டால் இரண்டிலும் வாயு குறைவாகவே இருக்கும், வெப்பநிலைக்கு வேலையே இல்லை என்று தோன்றும். நடுவில் இருந்த மலையை முழுக்கத் தவறவிட்டிருப்பீர்கள். முதலில் 20, 40, 60 என்று ஓர் ஒத்திகை பார்த்துவிட்டு, மாற்றம் அதிகமாக இருக்கும் பகுதியில் 30, 35, 40, 45 என்று நெருக்கமாக எடுங்கள். செறிவு போன்றவற்றில் எல்லை மிக அகலமாக இருந்தால் 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துப் போவது சிக்கனம்.

இதே சோதனையில் இன்னொரு பொறி உண்டு. ஈஸ்டே இல்லாத பாட்டிலையும் 60 டிகிரி நீரில் வைத்தால் பலூன் கொஞ்சம் எழும். பாட்டிலில் உள்ள 400 மி.லி. காற்று 20 டிகிரியிலிருந்து 60க்குச் சூடாகும்போது ஏறத்தாழ 55 மி.லி. விரிகிறது, நீராவியும் சேர்கிறது. ஒவ்வொரு வெப்பநிலைக்கும் ஈஸ்ட் போடாத ஒரு பாட்டில் வைத்து, அதன் வீக்கத்தைக் கழிக்க வேண்டும். இந்த ஈஸ்ட் இல்லாத பாட்டில்தான் கட்டுப்பாட்டு மாதிரி. சர்க்கரையின் அளவு, நீரின் அளவு, நேரம் ஆகியவை கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள். விடைத்தாள்களில் இவ்விரண்டும் இடம் மாறிப்போவது சகஜம்: முன்னது ஒப்பிடுவதற்காக வைக்கும் தனி அமைப்பு, பின்னது எல்லா அமைப்புகளிலும் மாறாமல் வைப்பது.

செய்யும் வரிசை

சாரா மாறியைச் சிறியதிலிருந்து பெரியதாக ஏற்றிக்கொண்டே போவது வசதியாக இருக்கும். அதே நேரத்தில் செல் தளர்ந்துகொண்டே போகிறது, அறை சூடாகிறது, நிறுத்துக் கடிகாரத்தை அழுத்தும் கை பழகிவிடுகிறது. இவை எல்லாம் நேரத்தோடு ஒரே திசையில் நகர்பவை, உங்கள் சாரா மாறியும் நேரத்தோடு ஒரே திசையில் நகர்கிறது. பின்னால் எதன் விளைவு எது என்று பிரிக்கவே முடியாது. 10, 20, 30, 40, 50 என்று சீட்டுகளில் எழுதி, குலுக்கி, எடுத்த வரிசையில் செய்யுங்கள். மூன்று சுற்று எடுக்கிறீர்கள் என்றால் ஒவ்வொரு சுற்றுக்கும் புதிதாகக் குலுக்குங்கள். இப்படிச் சீட்டுக் குலுக்குவதை 1920களில் இங்கிலாந்தின் ராதாம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் வயல் சோதனைகளுக்கான முறையாகவே வகுத்துக் கொடுத்தவர் ரொனால்ட் ஃபிஷர். நிலத்தின் ஒரு மூலை வளமாகவும் மறு மூலை வறண்டும் இருக்கும் என்பதால், எந்தப் பாத்திக்கு எந்த உரம் என்பதைக் குலுக்கலுக்கு விட்டார். தொட்டிச் செடிகளைச் சன்னலோரம் வரிசையாக வைப்பவர்களும் இதையே செய்யலாம்.

எண்ணாக இல்லாத சாரா மாறி

துணி வகை, மண் வகை, சோப்பு வகை என்று வரும் சாரா மாறிகளுக்கு எண் இல்லை. இவற்றுக்குப் பட்டை வரைபடம் போட வேண்டும். பருத்தியையும் கம்பளியையும் கோட்டால் இணைத்தால், நடுவில் இருக்கும் புள்ளிக்கு என்ன பெயர் வைப்பது?

இவை தரும் விடைக்கு ஓர் எல்லை உண்டு. 1747இல் எச்.எம்.எஸ். சாலிஸ்பரி கப்பலில் ஜேம்ஸ் லிண்ட் என்ற மருத்துவர், ஸ்கர்வி (ஈறுகளில் இரத்தம் கசிந்து உடல் தளரும் நோய்) கண்ட 12 மாலுமிகளை இருவர் இருவராக ஆறு குழுக்களாகப் பிரித்தார். நோய் நிலை ஒத்தவர்களாகத் தேர்ந்து, ஒரே இடத்தில் தங்கவைத்து, பொதுவான உணவையும் ஒன்றாக வைத்தார். ஒவ்வொரு குழுவுக்கும் கூடுதலாகக் கொடுத்தது மட்டும் வேறு: ஆப்பிள் மது, நீர்த்த கந்தக அமிலக் கலவை, வினிகர், கடல்நீர், ஆரஞ்சும் எலுமிச்சையும், பூண்டு கலந்த மருந்துக் குழம்பு. ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற இருவர் வேகமாகத் தேறினார்கள். சாரா மாறியை இவ்வளவு துப்புரவாக வைத்த சோதனை அந்தக் காலத்தில் அரிது. ஆனாலும் ‘எது வேலை செய்தது’ என்றுதான் தெரிந்தது, பழத்துக்குள் இருக்கும் எந்தப் பொருள் என்று தெரியவில்லை. அது வைட்டமின் சி என்று உறுதியாக 1930கள் வரை ஆனது. ‘துணி வகை’ என்ற மாறிக்குள்ளும் இதேபோல் தடிமன், நிறம், நெசவு, நாரின் தன்மை என்று பல மாறிகள் ஒளிந்திருக்கின்றன. கம்பளி வெப்பத்தை நன்றாகக் காத்தது என்றால், அது கம்பளியாக இருந்ததாலா, தடிமனாக இருந்ததாலா? பருத்தியை அதே தடிமனுக்கு மடித்து ஒப்பிட்டால் கொஞ்சம் நெருங்கலாம்.

நேரமும் அச்சும்

சூடான நீர் ஆறும் சோதனையில் மாணவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. 80 டிகிரியில் 200 மி.லி. நீரை நான்கு டப்பாக்களில் ஊற்றி, 0, 1, 2, 3 அடுக்குத் துணி சுற்றி, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலை எடுக்கிறீர்கள். கிடை அச்சில் நேரம் இருக்கிறது. அதனால் சாரா மாறி நேரம் என்று எழுதிவிடுகிறார்கள். ஒரே டப்பா ஆறுவதை மட்டும் பார்த்தால் அது சரி. இங்கே கேள்வி துணி அடுக்குகளைப் பற்றியது. நீங்கள் அமைத்தது அடுக்குகளை. நேரம் எல்லா டப்பாக்களுக்கும் ஒன்றாகவே ஓடியது. ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு கோடாக நான்கு கோடுகள் வரையுங்கள், அல்லது 20 நிமிடத்தில் இறங்கிய டிகிரியைக் குத்து அச்சிலும் அடுக்கு எண்ணிக்கையைக் கிடை அச்சிலும் வையுங்கள். இரண்டாவது வரைபடம் கேள்விக்கு நேராக விடை சொல்லும்.

சாரா மாறி கிடை அச்சில், சார்ந்த மாறி குத்து அச்சில் என்பது பொதுவிதி. சுருள்வில் சோதனையில் இதை மீறிய படங்களைப் பாடநூல்களில் பார்ப்பீர்கள். தொங்கவிடும் எடைதான் சாரா மாறி, நீட்சிதான் சார்ந்த மாறி. ஆனாலும் நீட்சியைக் கிடையிலும் விசையைக் குத்தாகவும் வரைவதுண்டு, கோட்டின் சாய்வு நேரடியாக வில்லின் மாறிலியை, அதாவது ஓர் அலகு நீட்சிக்குத் தேவையான விசையைத் தந்துவிடும் என்பதால். அச்சைப் பார்த்துச் சாரா மாறியை ஊகிக்கக் கூடாது. எதைக் கையால் அமைத்தார்கள் என்று செய்முறையில் தேடுங்கள்.

இரண்டு சாரா மாறிகளை ஒரே சோதனையில் வைக்க முடியாது என்பதில்லை. ஐந்து வெப்பநிலை, ஐந்து சர்க்கரைச் செறிவு, ஒவ்வொன்றும் மூன்று முறை என்றால் 75 பாட்டில்கள். நேரமும் பொறுமையும் இருந்தால் செய்யலாம். பள்ளித் திட்டப்பணிக்கு ஒன்றே போதும்.

பதிவேட்டில் ‘சாரா மாறி: சுற்றுகளின் எண்ணிக்கை’ என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள். மின்காந்தச் சோதனைக்கு இப்படி எழுதலாம்: ‘சாரா மாறி, ஆணியின் மேல் ஒரே அடுக்காக நெருக்கிச் சுற்றிய சுற்றுகளின் எண்ணிக்கை, 0, 10, 20, 30, 40, 50. கம்பியின் மொத்த நீளம் எல்லா அளவுகளுக்கும் 2 மீட்டர். ஒவ்வொரு முறையும் சுற்றுகளை இருவர் தனித்தனியாக எண்ணிச் சரிபார்த்தோம். மின்னோட்டத்தை அம்மீட்டரில் படித்து அட்டவணையின் மூன்றாம் நிரலில் எழுதினோம். அளவுகளைக் குலுக்கல் வரிசையில் எடுத்தோம். ஒவ்வொரு அளவுக்கு முன்னும் மின்சாரத்தைத் துண்டித்து, ஆணியைக் குண்டூசிகளில் தொட்டு, ஆணியில் காந்தம் மிச்சமில்லை என்று பார்த்தோம்.’ கடைசி வரியை விடாதீர்கள். எஃகு ஆணி ஒரு முறை காந்தமானால் மின்சாரத்தை நிறுத்திய பிறகும் அதைக் கொஞ்சம் வைத்துக்கொள்ளும். தேனிரும்பு போல்ட்டில் அது மிகக் குறைவு. மின்சாரம் இல்லாதபோது ஒரு குண்டூசி ஒட்டினாலும் அந்த ஆணியை மாற்றிவிட்டு, அதில் எடுத்த அளவுகளை மறுபடி எடுங்கள்.